உள்ளிருந்து உண்ணும் கறள்

திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில் முதலில் வரும் ஊருக்கே உப்புவெளி என்று பெயர். அதன்பின் நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்னும் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நிலாவெளிப் பக்கத்தில் உப்பளங்களைக் காணலாம். கடல் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்தே கூடவே வருகின்றது. இவ்வாறு 40 கிலோமீற்றருக்கு மேற் சென்றால் திரியாய். வயலும் குளமும் களப்பும் கடலும் ஒருங்கே அமைந்த பழைய ஊர் அது. அருகேயுள்ள குன்றின்மீது கிரிகண்டு சேயா என்னும் தாதுகோபத்தைச் சுற்றிக் கற்றூண்கள் நிற்கின்றன. பாறையிலே சமஸ்கிருதக் கல்வெட்டொன்றும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அக்கற்கள் கடற்காற்றுக்கு ஈடுகொடுத்து நிற்கின்றன. அதே காற்றில் நிறுத்திவைத்த பழைய மோட்டார் வண்டியொன்று எத்தனை ஆண்டுக்கு நிற்கும் என்பதே இப்பேச்சின் பொருள்.

இஃது ஏதோ செல்வர்களின் பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வி என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. இலங்கையிலே பழைய மோட்டார் வண்டி ஒரு குடும்பத்தின் முதுசொம் போன்றது. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வண்டிகளின் இறக்குமதி இறுகியது. மீண்டும் 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் வண்டிகளுக்கு 2025இலேயே வழி திறந்தது. இடையில் வந்த போர்க்காலத்திலே, வடக்கில் பெற்றோல் கிடைக்காத ஆண்டுகளில், ஒஸ்ரின், மொரிஸ் வண்டிகள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தைக் காப்பாற்றும் வித்தையை நம்மவர் இவ்வாறு நன்றாகவே கற்றுக்கொண்டனர். ஆனால் இயந்திரம் பழுதானால் வேறொன்று மாற்றலாம். வண்டியின் எலும்புக்கூடு உளுத்துப்போனால் மாற்றுவது எளிதன்று. அந்த எலும்புக்கூடோ பிறர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றது.

ஆதியில் மோட்டார் வண்டிக்குக் கனத்த உருக்குச் சட்டம் ஒன்று அடியில் இருந்தது. அதன்மேல் மரத்தாலும் தகட்டாலும் ஆன உடற்கூடு ஏற்றப்பட்டது. சட்டம் பெரும்பாலும் திறந்த வாய்க்கால் வடிவினது. கறள் பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், கம்பிப் புருசால் தேய்த்துப் பூச்சுப் பூசலாம். பின்னர் பொறியியலாளர் வேறு வழி கண்டனர். மூங்கிலைப் பார்த்தால் அவ்வழி விளங்கும். மூங்கிலின் உள்ளே ஒன்றுமில்லை. ஆயினும் அதே எடையுள்ள திண்ணிய கம்பைக் காட்டிலும் அது வளையாது நிற்கும். அவ்வாறே ஒரு மில்லிமீற்றர் அளவான மெல்லிய தகட்டை மடித்துப் பெட்டி போலாக்கி, ஓரங்களைப் புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டினால், இலேசானதும் உறுதியானதுமான சட்டம் கிடைக்கும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமான மொரிஸ் மைனர் இவ்வகையைச் சேர்ந்தது. 1970களின் தொடக்கம்வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. அதற்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. கதவின் அடியில் நீளும் பெட்டி, முன்னிருக்கையின் கீழே குறுக்கே செல்லும் பெட்டி, இயந்திரத்தைத் தாங்கும் இரு கைகள், பின்வில் பூட்டும் இடங்கள் ஆகிய இவையே அதன் முதுகெலும்பும் விலாவும் ஆகும். இவை யாவும் மூங்கிலைப் போல உட்குழிவானவை.

தொழிற்சாலையிற் பூசிய பூச்சு இக்குழிவுகளுக்குள் முழுதும் சென்றதில்லை. சில இடங்களில் உடற்கூட்டைத் தண்டிற் கோத்துச் சுழற்றித் தொட்டியில் தோய்த்தார்கள். அப்போதும் காற்றுத் தங்கிய மூலைகள் வெறுந் தகடாகவே நின்றன. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒட்டிய மடிப்பினுள்ளே பூச்சு நுழைய வழியே இல்லை. ஆகவே, வெளியே மெருகிட்டு முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும் வண்டி, உள்ளே பிறந்த நாளிலிருந்தே நிர்வாணமாக நிற்கின்றது எனலாம்.

இனி, திரியாய்க் கரைக்கு வருவோம். பகல் வெயிலிலே தகடு கொதிக்கும். பெட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து, நீர்வடி துளைகளின் வழியே வெளியேறும். இரவிலே தகடு குளிரும். உள்ளே காற்றுச் சுருங்கும். வெளியிலிருந்து புதுக்காற்று உள்ளே இழுக்கப்படும். இவ்வாறு வண்டியின் ஒவ்வொரு குழிவும் நாளொன்றுக்கு ஒருமுறையேனும் மூச்சு விடுகின்றது. அது இழுக்கும் மூச்சு கடலோரத்து மூச்சு. அலை உடைந்து சிதறிய நுண்ணிய உப்புத் துளிகளைச் சுமந்து வருவது. விடியற்காலையில் புல்நுனியிற் பனி படிவதுபோலக் குளிர்ந்த தகட்டின் உட்புறத்தில் ஈரம் படிகின்றது. நீர் ஆவியாகி வெளியேறும், உப்பு வெளியேறாது. ஆண்டாண்டாக அது சேர்ந்துகொண்டே இருக்கும்.

கடலுப்பு வெறும் கறியுப்பு மட்டுமன்று. கறியுப்பாகிய சோடியங் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டும்போதுதான் நீரை உறிஞ்சிக் கரையும். ஆனால் கடலுப்பிற் கலந்துள்ள மகனீசியங் குளோரைட்டு நூற்றுக்கு 33 அளவிலேயே கரைந்துவிடும். மழைக்காலத்துச் சாடியில் உப்புக் கசிவதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. கிழக்குக் கரையிலே கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களின் வறண்ட நண்பகலிலுங்கூட ஈரப்பதன் அவ்வளவு தாழ்வதில்லை. ஆகையால் உப்புப் படிந்த குழிவு ஒருபோதும் முற்றாக உலர்வதே இல்லை. வண்டியை வெயிலில் விட்டால் காய்ந்துவிடும் என்று நம்புவோர் பலர். அந்த நம்பிக்கை இங்கேதான் தவறுகின்றது.

கறள் எங்கே ஆழமாகத் தின்கின்றது என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் யு. ஆர். எவன்ஸ் என்னும் அறிஞர் ஓர் எளிய சோதனையாற் காட்டினார். இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீர் விட்டார். துளியின் விளிம்பிலே ஒட்சிசன் மிகுதி; நடுவிலே குறைவு. எதிர்பார்ப்புக்கு மாறாக, ஒட்சிசன் குறைந்த நடுப்பகுதியே அரிக்கப்பட்டது; விளிம்பு தப்பியது. காற்று நன்றாகப் படும் இடம் தன்னைக் காத்துக்கொண்டு, காற்றுப் புகாத இடுக்கைப் பலிகொடுக்கின்றது. இரு தகடு சேரும் மடிப்பும், சேறு அடைத்த மூலையும், தார் உரிந்து தொங்கும் இடமும் அத்தகைய இடுக்குகள். கறளோ தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருமனானது. எனவே மடிப்புக்குள் அது பொங்கி, ஒட்டுகளைப் பிளந்துகொண்டு புறப்படுகின்றது. வெளிப்பூச்சில் ஒரு சிறு கொப்புளம் தோன்றும்போது உட்புறத்திற் பாதித் தகடு போயிருக்கும்.

இரும்பின்மேற் கோபங்கொண்டு பயனில்லை. திரியாய்க்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் கறுப்பு மணல் கிடக்கின்றது. அதிலுள்ள இல்மனைற்று என்னும் கனிப்பொருள் இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. கடலும் வெயிலும் எவ்வளவு காலம் அதனைப் புரட்டினாலும் அது மேலும் கறள் பிடிப்பதில்லை. ஏற்கெனவே ஒட்சிசனோடு சேர்ந்துவிட்ட இரும்பு அது. (அந்த மணலிலிருந்து எடுக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டே உலகெங்கும் வெள்ளைப் பூச்சுகளுக்கு நிறந் தருகின்றது என்பது வேடிக்கையான செய்தி.) மனிதன் நெருப்பிட்டு ஒட்சிசனைப் பிரித்தெடுத்தான், இரும்பு சமயம் வாய்த்தபோதெல்லாம் அதனிடம் திரும்பப் பார்க்கின்றது. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவப் பகுதியில் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை மேற்குப் பார்த்த உலைகளிலே பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கினார்கள். கில் ஜூலெவ் என்னும் தொல்லியலாளர் அத்தகைய உலையொன்றை மீண்டும் கட்டிச் சோதித்து, 1996இல் அம்முடிவுகளை வெளியிட்டார். ஒரு கரையிலே உருக்கை ஆக்கிய காற்றின் இனத்தைச் சேர்ந்ததே மறு கரையில் அதை மண்ணாக்கும் காற்றும்.

இதனால் விளையும் கேடு அழகுக் கேடு மட்டுமாயின் பேசிப் பயனில்லை. மொரிஸ் மைனரின் முன்சில்லுகளைத் தாங்குவன நீண்ட முறுக்குத் தண்டுகள். அத்தண்டுகளின் பின்முனை பூட்டப்பட்டிருப்பது முன்னிருக்கையின் கீழே செல்லும் அந்தக் குறுக்குப் பெட்டியிலேதான். பெட்டி உளுத்துவிட்டால், தண்டின் முறுக்கு ஒருநாள் தகட்டைக் கிழித்துக்கொண்டு விடும். அந்த நாள் வண்டி கொட்டகையில் நிற்கும் நாளாக இராது. நோயாளியை ஏற்றிக்கொண்டு திருகோணமலை வைத்தியசாலைக்கு விரையும் நாளாகவும் இருக்கலாம். ஆண்டுதோறும் நடக்கும் புகைப் பரிசோதனை புகையைத்தான் அளக்கின்றது. குறுக்குப் பெட்டியைத் தட்டிப் பார்ப்பதில்லை.

லாண்ட் ரோவர் வண்டியிலே வேறொரு மயக்கம் உண்டு. 1948இல் அது வெளிவந்தபோது, போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாட்டால் அதன் உடல் அலுமினியக் கலவைத் தகட்டாற் செய்யப்பட்டது. அடிச்சட்டம் மட்டும் உருக்குத் தகட்டுப் பெட்டி. உடல் கறள் பிடிக்காது. ஆகவே வண்டியே கறள் பிடிக்காது என்று சொந்தக்காரர் நினைத்துவிடுகின்றார். அந்த அலுமினியத்தின் கீழே, அடிச்சட்டம் உள்ளிருந்து கரைந்துகொண்டிருக்கும். போதாக்குறைக்கு, உப்புநீர் படும் இடத்தில் அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டால் இரண்டினுள் ஒன்றாகிய அலுமினியமும் அரிபடும்.

இக்கேட்டுக்கு மருந்தென்று செய்யப்படுவனவற்றுட் சில, நோயைவிடப் பொல்லாதவை. முதலாவது தார். வண்டியின் அடியிலே தடிப்பாகத் தார் பூசினால் கறுப்பாக, காவலாகத் தோன்றும். சில ஆண்டுகளில் அது காய்ந்து வெடிக்கும். வெடிப்பினூடே புகும் உப்புநீர் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். பெட்டியின் உட்புறத்துக்கோ அதனால் யாதொரு பயனும் இல்லை. இரண்டாவது, கழிந்த இயந்திர எண்ணெயைப் பெட்டிக்குள் ஊற்றுவது. எண்ணெய் இடுக்குகளில் ஊரும் என்பது உண்மையே. ஆனால் கழிந்த எண்ணெயில் அமிலங்கள் உண்டு. அது இறப்பரை ஊதவைக்கும். மாதக்கணக்கில் நிலத்திற் சொட்டும். மணற்பாங்கான நிலத்தில், ஆழமில்லாக் கிணற்று நீரைக் குடிக்கும் ஊர்களிலே இதைச் செய்வது அயலவருக்கு இழைக்கும் அநீதி. தேங்காயெண்ணெயும் நாளடைவில் சிக்கலடித்து அமிலமாகும். எல்லாவற்றிலும் கொடியது, நீர்வடி துளைகளைப் பசைகொண்டு அடைத்துவிடுதல். தூசியும் நீரும் புகாமல் இருக்க என்று நல்லெண்ணத்தோடுதான் அடைக்கின்றார்கள். மடிப்புகளின் வழியே வண்டி மூச்சை இழுக்கத்தான் போகின்றது. படிந்த நீர் வடியும் வழி மட்டுமே அடைபட்டுப்போகின்றது.

கடலோடிகள் நெடுங்காலத்துக்கு முன்பே வேறொன்றைக் கவனித்திருந்தனர். சுறாவின் ஈரல் எண்ணெயை மரத்தோணிகளுக்குப் பூசும் வழக்கம் இந்து சமுத்திரக் கரைகள் பலவற்றில் இருந்தது. ரொபேட் பேர்கசன் என்னும் கப்பற் தலைவர், கறள் பிடித்த உருக்குத் தளத்திலே சிந்திய மீனெண்ணெய் கறள் பரவுவதைத் தடுத்ததைக் கண்டார். அதிலிருந்து பூச்சொன்றை ஆக்கி 1921இல் அமெரிக்காவில் ஒரு தொழிலகத்தைத் தொடங்கினார். இன்று குழிவுகளுக்குள் இடும் மெழுகு அந்த எண்ணத்தின் வழிவந்ததே. மெழுகோ, ஆட்டு உரோமத்தின் கொழுப்போ, ஆவியாகும் திரவத்திற் கரைத்து, கறளைத் தடுக்கும் சரக்குகளும் சேர்க்கப்பட்டது அது. திரவம் இடுக்குகளுக்குள் ஊர்ந்து சென்று ஆவியாகும். மெழுகு மெல்லிய தோலாக நிற்கும். பூச்சைப் போல இறுகி வெடிப்பதில்லை. புதிய வண்டிகளைச் செய்வோரும் இவ்வழிக்கே வந்தனர். 1980களில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் சூடான மெழுகைப் பெட்டிகளுக்குள் வெள்ளம்போற் பாய்ச்சி வடியவிட்டது. நாகம் பூசிய தகட்டை 1970களின் நடுவிலே போர்ஷே பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. பழைய வண்டிக்கு இவை எதுவும் வாய்க்கவில்லை. சொந்தக்காரர்தான் செய்துகொள்ள வேண்டும்.

செய்யும் காலத்தை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். மார்கழி மழையில் இவ்வேலைக்கு இறங்குவது வீண். கச்சான் வீசும் ஆனி, ஆடியே இதற்கு ஏற்றது. வண்டியை உறுதியான தாங்கிகளின்மேல் உயர்த்தி நிறுத்தியபின், அடியிலுள்ள நீர்வடி துளைகள் ஒவ்வொன்றையும் தேடிக் கம்பியாற் குத்தித் திறக்க வேண்டும். சிலவற்றிலிருந்து சேறு விழும். சிலவற்றிலிருந்து கறட்பொருக்கு, கைப்பிடி கைப்பிடியாக விழும். விழுவதை ஒரு கடதாசியில் ஏந்திப் பார்த்தால் உள்ளே நடந்தது ஓரளவு விளங்கும். பின்னர் சிறு சுத்தியலால் பெட்டி நெடுகத் தட்டிக் காதுகொடுக்க வேண்டும். நல்ல தகடு கணீரென்னும்; உளுத்தது பானை உடைந்தாற்போல மந்தமாக ஒலிக்கும். ஐயமான இடத்தில் திருப்புளியால் அழுத்திப் பார்க்கத் தயங்கலாகாது. திருப்புளி உள்ளே சென்றுவிடுமே என்று அஞ்சுபவர், அந்த இடத்தில் தம் மனைவி மக்கள் அமர்வதை நினைத்துக்கொள்ளட்டும். கைத்தொலைபேசியோடு பூட்டி, பென்சிற் பருமனான கண்ணொன்றைத் துளைவழி செலுத்திப் பார்க்கும் கருவி இக்காலத்தில் மலிவாகவே கிடைக்கின்றது. முன்னாளில் மெக்கானிக்மார் ஊகித்தறிந்ததை இன்று கண்ணாற் காணலாம்.

அடுத்தது கழுவுதல். இங்கேதான் பெரும்பாலார் அவசரப்படுகின்றனர். உப்பின்மேல் மெழுகு பூசினால் உப்பைப் பொதிந்து வைத்ததாகவே முடியும். நன்னீரைக் குழாய்வழி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு முனையிலிருந்து பாய்ச்சி, மறுமுனையில் தெளிவாக வடியும்வரை விட வேண்டும். கரையோரத்துக் கிணறுகள் சில உவர்ப்பானவை. அந்நீரால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதற்கு ஒப்பாகும். தூரத்திலிருந்தேனும் நல்ல நீர் கொண்டுவர வேண்டும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையை மோதியது. அத்தகைய வேளையில் கடல்நீரில் மூழ்கிய வண்டியை வெளியே கழுவித் துடைத்து இயந்திரத்தைத் திருத்தி ஓட்டிவிடலாம். கதவடிப் பெட்டிக்குள் நின்ற கடல் அங்கேயே நிற்கும். 1985இல் திரியாய் மக்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்து பல ஆண்டுகள் கழித்தே மீண்டனர் என்பதையும் இங்கு நினைக்க வேண்டும். ஆளில்லாத ஊரிலே ஈரத் தரையில் நெடுங்காலம் நின்ற வண்டி, நாடோறும் ஓடிய வண்டியைக் காட்டிலும் உள்ளே கூடுதலாகக் கெட்டிருக்கும். எவ்வளவு கழுவினாலும் அதற்குத் தகும்.

கழுவியபின் கதவுகளைத் திறந்து, தரைவிரிப்புகளைக் களைந்து, கச்சான் காற்றில் நாலைந்து நாள் விட வேண்டும். காற்றடிக்கும் இயந்திரம் இருந்தால் மூலைகளில் நின்ற நீரை ஊதி எடுக்கலாம். உளுத்த இடங்களை வெட்டி எறிந்து புதுத் தகடு உருக்கி ஒட்டுவதாயின், அவ்வேலை முழுதும் மெழுகு இடுவதற்கு முன்பே முடிய வேண்டும். மெழுகு இட்ட பெட்டியின் அருகே வெல்டிங் சுடர் காட்டினால் அது தீப்பிடிக்கும். மொரிஸ் மைனர்க்குரிய பதில் தகடுகள் 1990களில் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த சாள்ஸ் வெயரின் மொரிஸ் மைனர் நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. இந்நாட்டுத் தகட்டுத் தொழிலாளரின் கைத்திறன் பற்றி ஐயுற வேண்டியதில்லை. ஓட்டையின்மேல் பசையை அப்பித் தேய்த்து மெருகிட்டுத் தருபவரைத்தான் தவிர்க்க வேண்டும்.

மெழுகைத் தேர்வதிலும் கவனம் தேவை. குளிர்நாடுகளுக்கென்று செய்தவற்றுட் சில, திருகோணமலை வெயிலில் உருகி ஓடிவிடும். நண்பகலில் கறுத்த தகட்டைக் கையால் தொட முடியாது என்பதை நினைவிற்கொண்டு, அதிக வெப்பத்திலும் நிலைப்பதாகத் தகரத்தில் எழுதியிருப்பதையே வாங்க வேண்டும். தகரத்தைச் சுடுநீரில் வைத்து இளகச் செய்யலாம். அடுப்பின்மேல் ஒருபோதும் வைக்கலாகாது. முதலில் நீர்த்த வகையை இட்டு, அது ஊர்ந்து மடிப்புகளில் இறங்கியபின் மறுநாள் தடித்த வகையை இடுவது நன்று. நுனியில் நாற்புறமும் தெளிக்கும் துளைகளுள்ள நீண்ட மெல்லிய குழாயை, ஏற்கெனவே உள்ள துளைவழியே பெட்டியின் கடைசிவரை செலுத்தி, தெளித்துக்கொண்டே மெதுவாகப் பின்னிழுக்க வேண்டும். குழாயில் முன்கூட்டியே அளவுக்குறி இட்டுக்கொண்டால், அது உண்மையில் எவ்வளவு தூரம் சென்றது என்பது தெரியும். புதுத்துளை இடுவது கடைசி வழி. முறுக்குத் தண்டு பூட்டிய இடத்துக்கு அருகே இடவே கூடாது. தடுப்புகளின் உருளைகளையும் புகைக்குழாயையும் துணியால் மூடிவைக்க வேண்டும். வேலை செய்பவர் மூக்கை மூடிக்கொண்டு, திறந்த வெளியில், அருகே சுருட்டுப் பிடிப்போர் எவரும் இல்லாமற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெழுகு சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்ததா என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. மடிப்புகளின் வெளிவிளிம்பில் அது வியர்வைபோல அரும்பும், அடித்துளைகளிலிருந்து சொட்டும். அரும்பாத மடிப்புக்கு மீண்டும் இட வேண்டும். சொட்டும் இடங்களின் கீழே பழைய பலகையோ தகரமோ வைத்து ஏந்த வேண்டும். இரண்டொரு நாளில் சொட்டு நின்றபின், குழாய் நுழைத்த மேல்துளைகளை இறப்பர் அடைப்பான்களால் மூடலாம். நீர்வடி துளைகளில் உறைந்த மெழுகையோ, ஒன்றுவிடாமல், மறுபடியும் கம்பியாற் குத்தித் திறந்துவிட வேண்டும். ஆவணியில் இதே கம்பியோடு ஒருமுறை வண்டியின் அடியிற் படுத்துப் பார்ப்பதற்கு அரைமணி நேரம் போதும்; அதன்பின் ஐப்பசி மழை வரலாம்.